கன்று ஈன்ற மூன்று வாரம்



கறவைமாட்டின் கருப்பை உட்சவ்வு அழற்சி என்ற ஒரே நோய்க்கு இந்தக் கருத்தரங்கை முழுவதுமாக ஒதுக்கியிருக்கிறீர்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது மிகையாகத் தெரியலாம். கோமாரிக்கும் மடிநோய்க்கும் கூடுகிற கூட்டம் இதற்குக் கூடுவதில்லை. இந்த நோய் வந்த மாடு சாவதில்லை. தீனி தின்கிறது, பால் கொடுக்கிறது, பருவத்துக்கும் வருகிறது. சினை மட்டும் நிற்பதில்லை. அந்த ஒரு குறைதான் கொங்கு நாட்டில் ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் புரட்டிப் போடுகிறது.

கணக்கு நீங்கள் அறிந்ததுதான். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால் ஈன்ற 85, 90 நாளுக்குள் மாடு மறுபடியும் சினை நின்றாக வேண்டும். ஒரு பருவம் தப்பினால் 21 நாள் போயிற்று. இரண்டு மூன்று பருவம் தப்பினால் கறவை வற்றுகிற நேரத்தில் அடுத்த கன்று கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்காது. சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விலை கொடுத்து வாங்கிப் போடுகிற வீட்டில், பால் இல்லாத மாட்டை எத்தனை மாதம் வைத்திருக்க முடியும்? தரகர் வருகிறார். ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கோ பொள்ளாச்சிச் சந்தைக்கோ மாடு போகிறது. அங்கிருந்து அது போகும் வழி வாளையாறு தாண்டித்தான் என்பது இந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். நான்கு ஈத்துக்கு மேல் தரக்கூடிய மாடு இரண்டாம் ஈத்தோடு முடிந்துபோகிறது.

ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கட்டுத்தரையில் நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன். கலப்பின ஜெர்சி மாடு. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மணி சொன்னார்: "ஏனுங் டாக்டர், மூணு ஊசி போட்டாச்சுங். நிக்க மாட்டேங்குதுங். கர்ப்பப்பையைக் கழுவி உட்டுப் பாருங்." மாடு எப்போது கன்று போட்டது, எப்படிப் போட்டது என்று கேட்டேன். அவருக்கு ஒவ்வொன்றும் நினைவிருந்தது. "கன்னு பெருசுங், இழுத்துத்தான் எடுத்தோம். நஞ்சு ராத்திரி பூரா விழுகுலீங். காலையில ஒருத்தரு வந்து கையை உட்டு எடுத்தாருங். அப்புறம் ரெண்டு வாரம் கட்டுத்தரையே நாத்தமுங்."

இந்த நோயின் வரலாறு முழுவதும் அந்த நாலு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. இழுத்துப் பிறந்த கன்று, தங்கிய நஞ்சுக்கொடி, கழுவாத கை, நாற்றமடித்த ஒழுக்கு. ஆனால் அந்த வீட்டில் இருந்த சினை ஊசி அட்டையில் எந்தத் தேதியில் எந்தக் காளையின் விந்து போட்டார்கள் என்ற விவரம் மட்டுமே இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் நடந்ததை யாரும் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

நான் இந்த அவையின் முன் வைக்க விரும்புவது இதுதான். கருப்பை அழற்சியை நாம் தவறான நேரத்தில் பார்க்கிறோம். மூன்றாவது சினை ஊசி தவறிய பிறகு மருந்துக் குழாயைக் கையில் எடுக்கிறோம். நோய் அதற்கு வெகுநாள் முன்னால், கன்று ஈனுவதற்கு முந்தின மூன்று வாரத்திலும் பிந்தின மூன்று வாரத்திலும் முடிவாகிவிடுகிறது. நம் உழைப்பும் மருந்தும் ஆராய்ச்சிப் பணமும் அந்த ஆறு வாரத்துக்கு இடம் பெயர வேண்டும்.

ஈன்ற மாட்டின் கருப்பைக்குள் நடப்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மாணவர்கள் நிறைய வந்திருக்கிறார்கள்.

கன்று வெளியே வரும்போது கருப்பைவாய் விரிந்து திறந்து கிடக்கிறது. சாணம், மூத்திரம், தரை, கயிறு, கை என்று சுற்றியிருக்கும் எல்லாவற்றிலிருந்தும் நுண்ணுயிர்கள் உள்ளே நுழைகின்றன. முதல் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய எல்லா மாட்டின் கருப்பையிலும் நுண்ணுயிர் இருக்கும். இது நோய் ஆகாது. கருப்பை சுருங்குகிறது, பழைய திசு கழன்று ஒழுக்கோடு வெளியேறுகிறது, வெள்ளணுக்கள் படையெடுத்து வந்து கிருமிகளை விழுங்குகின்றன. நாற்பது நாற்பத்தைந்து நாளில் பெரும்பாலான மாடுகள் தங்களைத் தாங்களே சுத்தம் செய்துகொள்கின்றன. யாரும் மருந்து போட வேண்டியதில்லை.

இந்த வேலை தடைப்படுகிற மாட்டில்தான் நோய் வருகிறது. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதல் வாரத்தில் ஈ. கோலை வந்து உட்சவ்வைப் புண்ணாக்கி வழி திறந்துவிடுகிறது. அதன் பின்னால் ட்ரூபெரெல்லா பையோஜீன்ஸ் வருகிறது. கூடவே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் செழிக்கும் ஃபியூசோபாக்டீரியமும் ப்ரிவோடெல்லாவும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்றுக்கொன்று துணை நின்று வளர்கின்றன. ட்ரூபெரெல்லா சுரக்கும் பையோலைசின் என்ற நச்சு, மேல்தோல் உரிந்த இடத்தில் வெளியே தெரியும் திசு அணுக்களைத் துளைத்து அழிக்கிறது. மேல்தோல் முழுதாக இருக்கும் சவ்வில் அந்த நச்சு அவ்வளவு எளிதில் வேலை செய்யாது. ஆகவே இழுத்துக் கிழித்த பிரசவமும், கையை விட்டுப் பிய்த்தெடுத்த நஞ்சும் கிருமிக்குக் கதவைத் திறந்து கொடுக்கின்றன.

நாள் கணக்கை வைத்து நோயைப் பிரிக்கும் முறையை 2006இல் ஷெல்டன், லூயிஸ், லெப்ளாங், கில்பர்ட் ஆகிய நால்வரும் வகுத்துக் கொடுத்தார்கள். ஈன்ற 21 நாளுக்குள், அதிலும் முதல் பத்து நாளில், செந்நீர் கலந்து நாற்றமடிக்கும் ஒழுக்கும் 103 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் இருந்தால் அது கருப்பைச் சுவர் முழுவதையும் பாதித்த மெட்ரைட்டிஸ். 21 நாளுக்குப் பின்னும் சீழ் வந்தால் அது உட்சவ்வு அழற்சி. மாடு நலமாகவே தெரியும், காய்ச்சல் இருக்காது. மூன்றாவது வகைதான் மிகவும் ஏமாற்றுவது: சீழும் கிடையாது, நாற்றமும் கிடையாது, உட்சவ்வில் மட்டும் அழற்சி தங்கியிருக்கும்.

அந்த மூன்றாவது வகையைப் பிடிப்பதற்கான அளவுகோலைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் காசிமாணிக்கம் என்ற நம் தமிழ்ப் பெயர் தாங்கியவர். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு அது. சிறு தூரிகையைக் கருப்பைக்குள் செலுத்தி, சவ்வைத் தொட்டெடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை எண்ணினார்கள். ஈன்ற 20 முதல் 33 நாளுக்குள் அவை நூற்றுக்குப் 18க்கு மேல் இருந்தாலும், 34 முதல் 47 நாளுக்குள் 10க்கு மேல் இருந்தாலும் அந்த மாடு சினை பிடிக்கத் தாமதமாகும் என்று காட்டினார்கள். ஒரு தூரிகை, ஒரு சாயம், ஒரு நுண்ணோக்கி போதும். நாமக்கல்லில் படிக்கும் எந்த முதுநிலை மாணவரும் ஒரு பால் சங்கத்தின் மாடுகள் அத்தனையிலும் இதைச் செய்து முடிக்கலாம்.

அதே கனடாவில் லெப்ளாங் குழுவினர் 27 பண்ணைகளில் 1,865 மாடுகளைப் பின்தொடர்ந்து 2002இல் எழுதியதையும் சொல்ல வேண்டும். 20 முதல் 33 நாளுக்குள் அழற்சி கண்ட மாடுகள் குறிப்பிட்ட காலத்துக்குள் சினை பிடிக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு குறைந்தது. சினை நிற்காத காரணத்தால் அவை பண்ணையிலிருந்து கழிக்கப்படும் வாய்ப்பு 1.7 மடங்கு ஆனது. நூறு மாடு வைத்திருக்கும் கனடாக்காரருக்கே இது பெரிய இழப்பு. இரண்டு மாடு வைத்திருக்கும் தாராபுரத்துக்காரருக்கு இதன் பொருள் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி காரணங்களுக்கு வருகிறேன். பாடநூலில் பத்துப் பதினைந்து காரணங்கள் வரிசையாக இருக்கும். நம் மண்ணில் கண்முன் நிற்பவற்றில் சிலவற்றையாவது ஆழமாகப் பேச வேண்டும்.

முதலாவது நஞ்சுக்கொடி தங்குதல். மாட்டின் நஞ்சுக்கொடி கருப்பையோடு ஏறக்குறைய நூறு இணைப்பு முடிச்சுகளில் கோத்துக்கொண்டு இருக்கிறது. கன்று பிறந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் அவை தாமாக அவிழ வேண்டும். அவிழ்ப்பது யார்? மாட்டின் வெள்ளணுக்கள்தான். கன்றின் திசுவை அவை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு அரித்துவிட வேண்டும். நஞ்சு தங்கிய மாடுகளில் ஈனுவதற்கு முன்பிருந்தே வெள்ளணுக்களின் இந்தத் திறன் குன்றியிருக்கிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ஆகவே நஞ்சு விழாததும் பின்னால் சீழ் பிடிப்பதும் ஒரே குறையின் இரண்டு முகங்கள். எதிர்ப்பாற்றல் தளர்ந்த மாடு என்பதை நஞ்சுக்கொடி நமக்கு முதல் நாளே தெரிவித்துவிடுகிறது.

அந்தத் தகவலை நாம் என்ன செய்கிறோம்? தொங்கும் கொடியில் செங்கல்லைக் கட்டுகிறார்கள், சில வீடுகளில் பழைய செருப்பைக் கட்டுகிறார்கள். மறுநாள் காலையில் கையை விட்டு எடுக்கச் சொல்லி நம்மை அழைக்கிறார்கள். எடுக்காமல் திரும்பினால் டாக்டருக்கு வேலை தெரியவில்லை என்று பேச்சு வருகிறது. அந்தப் பேச்சுக்கு அஞ்சி முழங்கை வரை விட்டு ஒவ்வொரு முடிச்சாகப் பிய்க்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிய்க்கும்போது உட்சவ்வு கிழிகிறது, ரத்தம் கசிகிறது, ஏற்கெனவே தளர்ந்த எதிர்ப்பாற்றல் இன்னும் தளர்கிறது. உலகம் முழுவதும் மகப்பேற்றுக் கால்நடை மருத்துவம் இதைக் கைவிடச் சொல்லி வெகுகாலம் ஆகிறது. மாடு தீனி தின்று, காய்ச்சல் இல்லாமல் இருந்தால், தொங்கும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, தினமும் வெப்பமானி வைத்துப் பார்த்தால் போதும். காய்ச்சல் வந்தால் ஊசி வழியாக மருந்து. அதை அந்த அம்மணிக்குப் புரியும்படி சொல்லி, வெப்பமானியை எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுக்கும் பத்து நிமிடம் நம் பணியின் மிக உயர்ந்த பகுதி என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது தீனி. ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் மாடு தின்னும் அளவு தானாகவே குறைகிறது. வயிற்றில் கன்று வளர்கிறது, சீம்பால் ஊறுகிறது, தேவை ஏறுகிறது. இந்த நேரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பால் வற்றிய மாட்டுக்கு எதற்கு அடர்தீவனம் என்று நிறுத்திவிடுகிறார்கள். வெறும் சோளத்தட்டு போகிறது. ஈன்ற மறுநாள் திடீரென்று புண்ணாக்கும் மாவும் குவிகின்றன. உடம்பில் சுண்ணாம்புச்சத்து சரிகிறது, கொழுப்பு கரைந்து கீட்டோன்கள் ஏறுகின்றன. சுண்ணாம்புச்சத்து குறைந்தால் கருப்பை சரியாகச் சுருங்காது. கீட்டோன் ஏறிய மாட்டில் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லும் திறன் குறையும். வைட்டமின் ஈ, செலினியம் குறைந்தால் நஞ்சு தங்குவது கூடும். கோடையில் பச்சை இல்லாத காங்கயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பகுதிகளில் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று எண்ணிப் பாருங்கள். கொழுக்கட்டைப்புல் காய்ந்த கொறங்காட்டில் மேய்ந்து வரும் மாட்டின் வயிற்றில் அந்தச் சத்து எங்கிருந்து வரும்? ஈனுவதற்கு முன்னால் தரும் தாது உப்புக் கலவை, பின்னால் நாம் உள்ளே விடும் எந்த மருந்தைவிடவும் மலிவு. மருந்துக் கடைச் சீட்டை எழுதுவதற்கு முன்னால் தொட்டியில் என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

மூன்றாவது கை. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டதை ஒவ்வொரு மருத்துவ மாணவரும் படித்திருக்கிறார். பிணப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த கைகள் பிரசவித்த பெண்களின் கருப்பைக்குக் கிருமியைக் கொண்டுபோயின. குளோரின் கலந்த நீரில் கைகழுவ வைத்த பிறகு, ஏப்ரலில் 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்த சாவு, கோடைக்குள் இரண்டு விழுக்காட்டை ஒட்டி வந்தது. அந்தப் பெண்களுக்கு வந்ததும் கருப்பை உட்சவ்வில் தொடங்கிய அழற்சிதான். மனித மருத்துவம் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. கால்நடை மருத்துவத்தில் நாம் பாதி கற்றிருக்கிறோம். ஒரே ஊரில் அடுத்தடுத்து ஐந்து மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர் கையுறையை மாற்றுகிறாரா, மாட்டின் பின்புறத்தைக் கழுவித் துடைக்கிறாரா, ஊசிக்குழலின் மேலுறை சாணம் படாமல் உள்ளே போகிறதா? சீழுள்ள மாட்டுக்குப் பருவத்தில் ஊசி போட்டால் விந்தும் வீண், அடுத்த மாட்டுக்கும் ஆபத்து. ஊசி போடுமுன் வழும்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பருவத்தில் இருக்கும் நல்ல மாட்டின் வழும்பு கண்ணாடி போலத் தெளிந்து கயிறாகத் தொங்கும். அதில் ஒரு வெள்ளைத் திப்பி தெரிந்தாலும் அன்றைக்கு ஊசி வேண்டாம். கையுறையின் உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்க்கக் காசு செலவில்லை. சந்தேகம் இருந்தால் ஒயிட்சைடு சோதனை இருக்கிறது: அந்த வழும்போடு அதே அளவு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கலந்து சூடாக்கினால், வெள்ளணுக்கள் மிகுந்திருந்தால் மஞ்சள் நிறம் ஏறும். துல்லியம் குறைந்த சோதனைதான், ஆனாலும் மருந்தகத்து மேசையில் செய்யலாம்.

நான்காவதாகச் சொல்லப்போவது மாட்டோடு முடிவதில்லை. கன்று வீச்சு நோய், அதாவது ப்ரூசெல்லா. சினையின் பிற்பகுதியில் கன்று கலைந்து, நஞ்சு தங்கி, கருப்பை அழற்சியில் முடியும் மாடுகளில் இதை எப்போதும் நினைக்க வேண்டும். கலைந்த கன்றிலும் நஞ்சிலும் நீரிலும் இந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கிறது. அவற்றை அள்ளி எடுத்துக் கொட்டுவது யார்? கட்டுத்தரையைக் கூட்டும் பெண்கள்தான். வெறுங்கையோடு, கையில் இருக்கும் கீறலோடு. பின்னால் அவர்களுக்கு வந்து வந்து போகும் காய்ச்சலும் மூட்டுவலியும் எந்தக் கட்டுத்தரையில் தொடங்கின என்று மனித மருத்துவர் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை. ஒன்றிய அரசு 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை இந்த நோய்க்கான தடுப்பூசி போடப்படுகிறது. அந்த ஊசியை ஒரு கிடேரிக்குக்கூடத் தவறவிடக் கூடாது. கலைந்த ஈத்து என்று தகவல் வந்தால் ரத்த மாதிரி எடுக்காமல் திரும்பக் கூடாது. அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கையுறை கொடுக்காமலும், காய்ச்சல் வந்தால் அரசு மருத்துவமனையில் இந்த மாட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று சொல்லாமலும் வரக் கூடாது. இதை நான் வேண்டுகோளாக வைக்கவில்லை. கடமையாக நினைவூட்டுகிறேன்.

சிகிச்சைக்கு வருகிறேன். நாளை மதியம் முழுவதும் அதற்கென்றே அமர்வு இருப்பதால் என் கருத்தை மட்டும் சொல்கிறேன்.

மெட்ரைட்டிஸ், அதாவது காய்ச்சலும் நாற்றமும் உள்ள முதல் வாரங்களின் நோய், ஊசி வழி எதிர்நுண்ணுயிர் மருந்துக்குக் கட்டுப்படுகிறது. பென்சிலின், ஆக்சிடெட்ராசைக்ளின், செஃப்டியோஃபர் இவற்றில் ஒன்றைப் போதுமான நாள் தருகிறோம். கூடவே வலி குறைக்கும் மருந்தும் நீர்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பார்க்கிறோம். செஃப்டியோஃபர் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின். மனித உயிரைக் காக்க மிக முக்கியமானவை என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டிருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை எடுத்த எடுப்பில் எழுதும் வழக்கத்தை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

21 நாளுக்குப் பிந்திய சீழ் நோயில் கருப்பைக்குள் ஒருமுறை செலுத்தும் செஃபாபிரின் பலன் தருவதாக ஆய்வுகள் உண்டு. அதிலும் நான்காம் வாரத்துக்கு முன் மருந்து கொடுத்ததில் ஆதாயம் காணப்படவில்லை. ப்ராஸ்டாகிளான்டின் ஊசியைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சூலகத்தில் மஞ்சள் உடல் இருக்கும்போது அது பருவத்தைக் கொண்டுவந்து கருப்பையைத் தானே கழுவச் செய்கிறது. மஞ்சள் உடல் இல்லாத மாட்டுக்கு 20 முதல் 26 நாளுக்குள் போட்டால் சினை வாய்ப்பு குறையவே செய்தது என்று நான் முன்பு சொன்ன லெப்ளாங் குழுவே பதிவு செய்திருக்கிறது. ஆக, கையால் தடவியோ ஸ்கேன் வைத்தோ சூலகத்தைப் பார்க்காமல் அந்த ஊசியை எடுக்கக் கூடாது.

பிறகு நம் ஊர் வழக்கமான கழுவல். லூகால்ஸ் அயோடின், ஜென்டாமைசின், மெட்ரோனிடசோல், என்ரோஃப்ளாக்சசின் என்று கையில் இருப்பதை உப்புநீரில் கலந்து, பருவ நாளில் உள்ளே விடுவது. மூன்று ஊசி தவறிய மாடு என்றாலே கழுவல் என்று ஆகிவிட்டது. மூன்று ஊசி தவறிய மாடுகள் எல்லாவற்றிலும் கருப்பை அழற்சி இருப்பதில்லை. காலையில் பருவம் கண்ட மாட்டுக்கு மாலையில் போட வேண்டிய ஊசியை மறுநாள் போட்டிருக்கலாம். கருமுட்டை தாமதமாக வெளிப்பட்டிருக்கலாம். விந்துக்குச்சியை 37 டிகிரி நீரில் முப்பது நொடி வைக்காமல் சட்டைப்பையில் உருக்கியிருக்கலாம். அழற்சி இல்லாத கருப்பையில் அயோடினை ஊற்றினால் அழற்சியை நாமே உண்டாக்குகிறோம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்காமல் விடும் எதிர்நுண்ணுயிர் மருந்து உட்சவ்வு வழியே ரத்தத்தில் கலந்து பாலுக்கு வருகிறது. அந்தப் பால் சொசைட்டிக்குப் போகிறது, நம் பிள்ளைகளின் டம்ளருக்கு வருகிறது. மருந்து விட்ட மாட்டின் பாலை இத்தனை நாள் ஊற்ற வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டின் பட்டுவாடா குறையும். அது தெரிந்தேதான் சொல்கிறேன்: தேவையில்லாத கழுவலை நாம் நிறுத்தினால் அந்தச் சிக்கலே வராது.

மூலிகை மருத்துவம் பற்றியும் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஈன்றவுடன் முள்ளங்கி, எட்டு மணி நேரத்தில் நஞ்சு விழாவிட்டால் வெல்லமும் உப்பும் சேர்த்த வெண்டைக்காய். சினை நிற்காத மாட்டுக்குப் பருவம் கண்ட நாள் தொடங்கி முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, மஞ்சளோடு கறிவேப்பிலை என்று முறை வைத்துக் கொடுப்பது. தமிழ்நாட்டில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்திப் பரப்பிய இந்த வைத்தியத்தைத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் நாடு முழுவதும் எடுத்துச் செல்கிறது. மாட்டின் கருப்பைக்குள் கையோ குழாயோ போகாமல் வாய்வழி கொடுப்பது என்ற ஒன்றுக்காகவே இதை நான் மதிக்கிறேன். பாலில் மருந்தெச்சம் என்ற கவலையும் இதில் இல்லை. ஆனால் மதிப்பு வேறு, நிரூபணம் வேறு. மருந்தே கொடுக்காத மாடுகளிலும் கணிசமானவை தாமாகக் குணமாகும் நோய் இது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத மாடுகள் இல்லாத எந்த ஆய்வும், மூலிகையாக இருந்தாலும் வெளிநாட்டு மருந்தாக இருந்தாலும், எதையும் நிலைநாட்டாது. நாளைய அமர்வில் இந்தக் கேள்வியை எல்லாக் கட்டுரையாளரிடமும் தயங்காமல் கேளுங்கள்.

காங்கயம் இனத்தைப் பற்றி ஒரு சொல். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் போன்றோர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனம் அது. கொறங்காட்டில் மேய்ந்து, கன்றைத் தானே ஈன்று, நஞ்சைத் தானே போட்டு எழுந்து நிற்கும் மாடுகளை இந்த மண்ணின் மக்கள் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அந்தக் கருப்பை தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேகத்தையும், பக்கத்து வீட்டுக் கலப்பின மாட்டின் வேகத்தையும் ஒரே தீனியில், ஒரே கட்டுத்தரையில், தூரிகை எடுத்து ஒப்பிட்டு அளக்க இதைவிடப் பொருத்தமான இடம் உலகில் வேறு கிடையாது. பெரிய கருவி வேண்டாத ஆய்வு. இந்த அவையிலிருந்து யாரேனும் ஒரு மாணவர் அதை எடுத்துச் செய்ய முன்வந்தால் என்னால் ஆன உதவி அனைத்தும் உண்டு.

நிறைவாக, கட்டுரை படிக்க இருப்போரிடம் ஒரு விண்ணப்பம். சினை நிற்காத மாடுகளைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும், அந்த மாடு ஈன்று எத்தனை நாள் ஆயிற்று, கன்றை இழுத்து எடுத்தார்களா, நஞ்சு எத்தனை மணி நேரத்தில் விழுந்தது, முதல் பத்து நாளில் காய்ச்சல் இருந்ததா என்ற நான்கு விவரத்தையும் முதல் அட்டவணையிலேயே கொடுங்கள். இல்லாதவர்கள் இல்லை என்று எழுதுங்கள். கருத்தரங்கு முடியும் நேரத்தில் இந்த நான்கு விவரத்தையும் சினை ஊசி அட்டையில் சேர்க்கக் கேட்டு கால்நடை பராமரிப்புத் துறைக்கும் ஆவின் ஒன்றியங்களுக்கும் அனுப்ப ஒரு தீர்மான வரைவு எழுதியிருக்கிறேன். வாசலில் வைத்திருக்கிறார்கள், படித்துப் பார்த்துத் திருத்தங்களைச் சொல்லுங்கள். ஊசி போடவரும் ஆய்வாளர் கேட்டு எழுத இரண்டு நிமிடம் ஆகும். பதில் சொல்ல வேண்டிய பெண்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

முதல் அமர்வு நஞ்சுக்கொடி தங்குதல் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.